வண்டி சந்தேகம்: ஹைப்ரிட்டுக்கு எந்த ஸ்பீடு லாபம்?

கேள்வி: ஒன்றரை லிட்டர் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்த) எஸ்யூவி வச்சிருக்கேன். இதுக்கு முன்னாடி இருந்த பெட்ரோல் கார் ஹைவேல நல்ல மைலேஜ் கொடுக்கும், ஊருக்குள்ள குடிக்கும். இது அப்படியே தலைகீழா இருக்கு, தில்லை நகர், தென்னூர்னு சுத்தினா லிட்டருக்கு 24, 25 கிலோமீட்டர் காட்டுது, சென்னைக்கு 100-ல போனா 19-க்கு இறங்கிடுது. எந்த ஸ்பீடுல போனா மைலேஜ் ஜாஸ்தி வரும்னு ஒரே நம்பரா சொல்ல முடியுமா?
– திருச்சி வாசகர்

பதில்: ஒரே நம்பர் தான் வேணும்னா, நாலுவழிச் சாலைல 80னு வச்சுக்கோங்க. ஆனா உங்க வண்டி ரொம்ப கம்மியா பெட்ரோல் குடிக்கற ஸ்பீடு அது இல்ல. அது இன்னும் கீழ, 40லிருந்து 55க்குள்ள எங்கயோ இருக்கும். ஏன்னு புரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு "தலைகீழா" தெரியறதும் சரியாயிடும்.

சாதாரண பெட்ரோல் கார்ல 40-ல உருண்டு போறப்ப இன்ஜினுக்கு வேலையே கம்மி, ஆனா அது சுத்திக்கிட்டே இருக்கணும், அந்த லேசான வேலைக்கு எரியற பெட்ரோல் ரொம்பவே அதிகம், அதனாலதான் டாப் கியர் விழுந்து 60, 70 வந்தப்புறம் மைலேஜ் ஏறும். ஹைப்ரிட்ல இந்த நஷ்டத்தை பெருமளவு எடுத்துட்டாங்க. லேசான வேலைன்னா இன்ஜின் ஆஃப் ஆயிடும், மோட்டார் பாத்துக்கும், சார்ஜ் இறங்கினா இன்ஜின் ஸ்டார்ட் ஆகி தனக்கு தோதான லோடுல ஓடி வண்டியையும் தள்ளி பேட்டரியையும் ஏத்திட்டு திரும்ப நின்னுடும். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹைகிராஸ் இதுலெல்லாம் இருக்கற டொயோட்டா சிஸ்டத்துல இன்ஜினும் ரெண்டு மோட்டாரும் பிளானட்டரி கியர்ல (நடுச் சக்கரத்தை சுத்தி சின்ன பல்சக்கரங்கள் ஓடற கியர்) சேர்ந்திருக்கு, வண்டி ஸ்பீடுக்கும் இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கற ஆர்பிஎம்முக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது. அதனால "2000 ஆர்பிஎம்ல வச்சு ஓட்டு" மாதிரி பழைய டிப்ஸ் எதுவும் இதுக்கு ஒத்து வராது.

இன்ஜின் நஷ்டம் போனா மிச்சம் இருக்கறது ரோடும் காத்தும்தான். டயர் உருள்றதுக்கு ஆகற இழுவை ஸ்பீடு கூடினாலும் பெருசா மாறாது. காத்து அப்படி இல்ல, ஸ்பீடு ரெண்டு மடங்கானா அதோட தடை நாலு மடங்கு. உங்க சைஸ் எஸ்யூவிக்கு தோராயமா கணக்கு போட்டா 60 பக்கத்துல டயரும் காத்தும் சமமா இழுக்குது, 80-ல காத்து டயரை விட ரெண்டு மடங்கு, 100-ல மூணு மடங்கு. 80லிருந்து 100க்கு போனா காத்து தடை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல ஏறுது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகற மொத்த உழைப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல கூடிடுது. 19 வர்றதுக்கு காரணம் இதுதான், வண்டில குறை எதுவும் இல்ல.

அப்போ 20-ல போனா இன்னும் நல்லதான்னு கேட்டா, இல்ல. ஏசி மணிக்கணக்குல தின்னுது, கிலோமீட்டர் கணக்குல இல்ல. சித்திரை வெயில்ல ஏசி ஒரு கிலோவாட், ஒன்றரை கிலோவாட் இழுக்கும்னு வச்சா, 20-ல ஊர்ந்து போறவருக்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏசிக்கு மட்டும் ஆகற செலவு 100-ல போறவரை விட அஞ்சு மடங்கு. ஏசி இல்லாம போனா இந்த வண்டிக்கு தோதான ஸ்பீடு முப்பதுக்கு கீழ கூட போகும், ஏசி போட்டா 40க்கு மேல வந்துடும். மார்கழில ஒரு மைலேஜ், அக்னி நட்சத்திரத்துல ஒரு மைலேஜ்னு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

லிட்டருக்கு 27.97னு கம்பெனி சொல்ற மாதிரி நம்பரும் இங்கதான் புரியும். நம்ம நாட்டு டெஸ்ட் ரோட்ல நடக்கறது இல்ல, ரோலர் மேல நடக்குது, சராசரி ஸ்பீடு 32 சொச்சம், உச்சம் 90, ஏசி ஆஃப். அதாவது ஹைப்ரிட்டுக்கு ரொம்ப வசதியான கண்டிஷன். அதோட இப்ப பங்க்ல கிடைக்கறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால்ல லிட்டருக்கு மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதுவே மைலேஜ்ல ஆறேழு சதவீதம் கொண்டு போயிடும்.

உங்க வண்டிக்கு உங்க ரோட்ல எதுன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம், ஆனா ஹைப்ரிட்ல ஒரு விஷயம் ஏமாத்திடும், பேட்டரி. இந்த வண்டில பேட்டரி சின்னது, முக்கால் கிலோவாட்-அவர் தான், அதுலயும் பாதியைத்தான் வண்டி பயன்படுத்தும். பெட்ரோலா மாத்திப் பாத்தா நூறு மில்லி சொச்சம், அதாவது ரெண்டரை, மூணு கிலோமீட்டர் ஓட்டம். அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்து 35 வந்துச்சுன்னு சந்தோஷப்படறவங்க பாதி தூரம் முன்னாடியே சேத்து வச்ச கரண்ட்லதான் போயிருப்பாங்க. அதனால போக 20, வர 20 கிலோமீட்டராவது வேணும். சமயபுரம் டோல் தாண்டி பாடாலூர் பக்கம் காலைல காத்து அடிக்காத நேரமா போங்க, முதல்ல பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் சூடானப்புறம் ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க, அப்ப பேட்டரி எத்தனை கோடு இருக்குன்னு பாத்துக்கோங்க, க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு ஒரே ஸ்பீடு, ஏசி ஒரே செட்டிங், திரும்பி வந்து முடிக்கறப்பவும் அதே கோடு இருக்கணும். போக வர ஓட்டறதால காத்தும் ஏத்த இறக்கமும் கழிஞ்சிடும். 70, 80, 90 மூணும் பாத்தா போதும். தயவு செஞ்சு நாலுவழிச் சாலைல 45-ல ஓட்டி டெஸ்ட் பண்ணாதீங்க, பின்னாடி வர்ற லாரியும் ஆம்னி பஸ்ஸும் அதை எதிர்பாக்க மாட்டாங்க, பத்து ரூபா பெட்ரோலுக்காக உயிரை பணயம் வைக்கறது எந்த கணக்குலயும் வராது. அந்த ஸ்பீடை பாக்கணும்னா கூட்டம் இல்லாத கிளை ரோடு பாருங்க. 80-ல 100 கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் மணி நேரம், 100-ல ஒரு மணி நேரம். கால் மணி நேரம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நான் 80 பக்கம்.

கேள்வி: ஹைப்ரிட் டேஷ்போர்டுல ஈவி லைட் (மோட்டார் மட்டும் ஓட்டறப்ப எரியறது) எரிஞ்சா பெட்ரோல் செலவே இல்லைன்னு நண்பர் சொல்றார். அதை அணைய விடாம மெதுவா மிதிச்சு ஓட்டறேன். சரியா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பிளக்ல சார்ஜ் போடாத வண்டில கரண்ட் எல்லாமே பெட்ரோல்லேருந்து வந்ததுதான், பிரேக் போடறப்ப திரும்பக் கிடைக்கறது கூட முன்னாடி பெட்ரோல் கொடுத்த வேகம்தான். அதை பேட்டரில ஏத்தி திரும்ப எடுக்கறப்ப ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வீணாகும். சிக்னல் விட்டதும் ஈவி லைட்டுக்காக தவழ்ந்து போனா பேட்டரி காலியாகி, அப்புறம் அதை ரொப்பறதுக்குன்னே இன்ஜின் ஓட வேண்டி வரும். நிதானமா, ஆனா தயங்காம மிதிச்சு வேகத்துக்கு வந்துடுங்க, அப்புறம் கால் லேசா எடுத்தா வண்டியே இன்ஜினை அணைச்சுக்கும். லைட்டை விட ரோட்டை பாருங்க, தூரத்துல சிவப்பு தெரியறப்பவே கால் எடுத்துட்டா அதுல கிடைக்கற லாபம் பெருசு.

இப்படி வேகம் ஏத்தி, அப்புறம் உருட்டி ஓட்டறதுல எது வரைக்கும் போகலாம்னா, 2005-ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல அஞ்சு பேர் மாறி மாறி ஒரு டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட்டை ஓட்டி லிட்டருக்கு 46 கிலோமீட்டருக்கு மேல எடுத்தாங்க. ரொம்ப மெதுவா, ஒரே ரூட்ல திரும்பத் திரும்ப. அவிநாசி ரோட்ல அதை செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

கேள்வி: என்ட கார் பழைய டொயோட்டா அக்வா. ஏ9 றோட்டில எத்தினையில ஓடினா பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம்?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: ஊருக்கு வெளிய உங்களுக்கு லிமிட்டே 70 தானே, அதுக்குள்ள 55லிருந்து 65 வச்சு ஓட்டுங்க, அக்வா தாழ்வான சின்ன வண்டி, காத்து தடையும் கம்மி. பழைய ஹைப்ரிட்ல ஸ்பீடை விட முக்கியம் பேட்டரியோட சூடு. அக்வாவுக்கு பேட்டரி பின் சீட்டுக்கு அடியில இருக்கு, அதுக்கு காத்து இழுக்கற துவாரமும் அங்கதான். பையையோ துணியையோ வச்சு அதை மறைக்காதீங்க, உள்ள இருக்கற ஃபேன்ல தூசு அடைச்சிருந்தா கழட்டி சுத்தம் பண்ணச் சொல்லுங்க. சூடான பேட்டரியை கம்ப்யூட்டர் அதிகமா வேலை வாங்காது, அப்ப இன்ஜின்தான் கூடுதலா ஓடும்.

கேள்வி: ஏற்காடு இறங்கறப்ப நியூட்ரல்ல போட்டு விட்டா பெட்ரோல் மிச்சம்தானே?
– சேலம் வாசகர்

பதில்: போடவே போடாதீங்க. டொயோட்டா ஹைப்ரிட்ல என்-ல இருந்தா பேட்டரி சார்ஜ் ஆகாது, இறக்கத்துல சும்மா கிடைக்கற கரண்ட் போச்சு, பிரேக்கும் தனியா சூடாகும். டி-லயே (D, டிரைவ்) இறங்குங்க, பாதி மலைலயே பேட்டரி ஃபுல் ஆயிட்டா பி-க்கு (B, பார்க்கிங் P இல்ல) மாத்துங்க, இன்ஜின் வண்டியை பிடிச்சுக்கும். சமதரைக்கு வந்ததும் மறக்காம டி-க்கு வந்துடுங்க, பி-லயே ஓட்டினா மைலேஜ் இறங்கும்.