கலர் என்ற ஆங்கிலச் சொல்லில் 'யு' வேண்டுமா?

கிருஷ்ணகிரியில் படிக்கும் மாணவர் ஒருவர், பாடநூலில் 'யு' எழுத்துடன் அச்சாகியிருக்கும் 'கலர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கணினி பிழை என்று காட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறார். இரண்டு வடிவங்களும் சரியானவையே. நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுகின்றன. கணினியின் மொழி அமைப்போ பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும், அதை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தேர்வில் பாடநூல் வடிவத்தையே எழுதுங்கள்.

1755-இல் லண்டனில் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி 'யு' உள்ள வடிவத்துக்கு வலுச் சேர்த்தது. விடுதலை பெற்ற அமெரிக்காவுக்குத் தனக்கென ஓர் எழுத்துமுறை வேண்டும் என்று உறுதியாக நம்பிய நோவா வெப்ஸ்டர், 1828-இல் வெளியிட்ட தம் அகராதியில் அந்த எழுத்தை நீக்கியதோடு, 'சென்டர்' என்ற சொல்லின் இறுதி எழுத்துகளையும் இடம் மாற்றினார். ஆனால் 'விமன்' என்பதை ஒலிக்கிறபடியே எழுதலாம் என்று அவர் முன்பு சொன்னதை அமெரிக்கர்களே ஏற்கவில்லை.

ஓசூர் வாகனத் தொழிலில் சேர விரும்புவோருக்குச் சொல் வேறுபாடு இன்னும் முக்கியம். நாம் 'பானெட்', 'டிக்கி' என்பவை அமெரிக்காவில் 'ஹூட்', 'ட்ரங்க்'. பிரிட்டனில் டிக்கிக்கு 'பூட்' என்று பெயர். டயரைப் பிரிட்டனில் 'ஒய்' இட்டும் அமெரிக்காவில் 'ஐ' இட்டும் எழுதுவார்கள். கனடாவிலோ கலருக்குப் பிரிட்டிஷ் வடிவம், டயருக்கு அமெரிக்க வடிவம்.