ஸ்ட்ராவின்ஸ்கி மறைத்த மெட்டுகள்

கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர்களை ஆராய்வதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஒருவர் காலம் தள்ள முடியுமா?

பதில்: தள்ளியிருக்கிறாரே ரிச்சர்ட் தருஸ்கின்! 1945இல் நியூயார்க்கில் பிறந்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே பாடமும் நடத்தி, அப்புறம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ரஷ்ய மொழி தெரியாமல் இந்த வேலையில் இறங்கவே முடியாது. ‘வசந்தத்தின் சடங்கு’ என்ற பாலே நடனத்தின் இசையில், தொடக்கத்தில் பஸ்ஸூன் என்ற குழல் கருவி வாசிக்கும் மெட்டு மட்டும்தான் நாட்டுப்புறப் பாட்டு என்று அதை அமைத்த ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி சாதித்துவந்தார். தருஸ்கினோ அவருடைய கையெழுத்துக் குறிப்புகளையும் பழைய பாடல் தொகுப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அதெல்லாம் சும்மா, இன்னும் பல மெட்டுகள் நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து வந்தவைதான் என்று காட்டினார். 1996இல் வந்த அந்த ஆய்வு இரண்டு தடித்த தொகுதிகள். சரியான சண்டைக்காரர் என்று பெயர் (எனக்குப் பிடித்ததே அதுதான்). 2017இல் ஜப்பானின் கியோட்டோ பரிசு கிடைத்தது, 2022இல் காலமானார்.