லேப் இன்வாய்ஸில் வாடிக்கையாளர் தள்ளுபடியைத் தானாகக் கழிக்க வைப்பது எப்படி?

தண்ணீர், மண் சாம்பிள்களைச் சோதிக்கும் லேப், வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் தள்ளுபடி வேறு, மாதக் கடைசியில் எக்செல்லைப் பார்த்துக் கையால் கழித்து இன்வாய்ஸ் போடுகிறோம், இதை மென்பொருளே செய்ய என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். இதே மாதிரி ஒரு லேபில் பில்லிங் பக்கம் சில வருடம் இருந்தவன் நான். கையால் போட்ட காலத்தையும் பார்த்தேன், தானியங்கியாக மாற்றி முதல் தடவை சொதப்பியதையும் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் செய்வதையே நாங்களும் செய்தோம். வாடிக்கையாளர் விவரப் பக்கத்தில் 'தள்ளுபடி %' என்று ஒரு கட்டம், அதில் 15 என்று போட்டால் பில்லில் 15 கழியும். பார்க்க எளிமை. ஒருவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு 15 என்பது 10 ஆனது, கட்டத்தில் இருந்த எண்ணை மாற்றினோம். போன மாதம் வந்து இந்த மாதம் ரிப்போர்ட் போன சாம்பிள்களுக்கும் 10 மட்டுமே கழிந்து பில் போய்விட்டது. அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. தள்ளுபடி என்பது அந்த ஆளோடு ஒட்டிய எண் இல்லை, ஒரு தேதியிலிருந்து ஒரு தேதிவரை நாம் கொடுத்த வாக்கு. அதனால் அதைத் தனி அட்டவணையில் வையுங்கள்: எந்த வாடிக்கையாளர், எந்த டெஸ்ட் அல்லது டெஸ்ட் தொகுப்பு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தக் கொட்டேஷன் எண்ணின்படி. கூடவே எந்தத் தேதியை வைத்து இந்த அட்டவணையில் தள்ளுபடி விதியைத் தேடுவது என்றும் முடிவு செய்யுங்கள்: சாம்பிள் வந்த நாளா, ரிப்போர்ட் நாளா, பில் நாளா. என்னைக் கேட்டால் சாம்பிள் வந்த நாள்தான், ஏனென்றால் அன்றைய விலையை நம்பித்தான் அவர் சாம்பிளை அனுப்புகிறார்.

இன்வாய்ஸில் உள்ள எல்லா வரிசைக்கும் (லைனுக்கும்) தள்ளுபடி கிடையாது என்பது அடுத்தது. வெளி லேபுக்கு அனுப்பிச் செய்யும் டெஸ்ட், அவசரக் கட்டணம், சாம்பிள் எடுக்கப் போய்வரும் செலவு, இவற்றில் கழித்தால் கையிலிருந்து போகும். விலைப்பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் 'தள்ளுபடி உண்டு / இல்லை' என்று ஒரு குறி போதும். லேபின் தவறால் திரும்பச் செய்த டெஸ்டை 100% தள்ளுபடியாகக் காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அது பில்லுக்கே வரக்கூடாது. வந்தால் சாம்பிள் எண்ணிக்கையும் தள்ளுபடிக் கணக்கும் இரண்டுமே பொய்யாகிவிடும்.

சரி, உண்மையான தலைவலி எண்ணிக்கைத் தள்ளுபடி. 'மாதம் 100 சாம்பிள் வந்தால் 10%' என்று மார்க்கெட்டிங்கில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்கு இரண்டு அர்த்தம் உண்டு. 100 தொட்டதும் எல்லாவற்றுக்கும் 10% என்றால், ஒரு சாம்பிள் விலை 100 என்று வைத்துக்கொண்டு 99 சாம்பிளுக்கு 9,900, 100 சாம்பிளுக்கு 9,000. ஒரு சாம்பிள் கூடுதலாக அனுப்பினால் பில் 900 குறைகிறது! மாதக் கடைசியில் வெறும் கணக்குக்காகச் சாம்பிள் வரத் தொடங்கும். அதற்குப் பதில் 100-க்கு மேல் வருபவற்றுக்கு மட்டும் 10% என்று படிப்படியாக வைத்தால் இந்தப் பள்ளம் இல்லை, மாதக் கடைசிவரை காத்திருக்காமல் அன்றன்றைக்கே பில் போடவும் முடியும். ஏற்கெனவே முதல் முறையில் ஒப்புக்கொண்டிருந்தால் மாறுங்கள் என்று வாடிக்கையாளரை வற்புறுத்த முடியாது. அவருக்கு முழு விலையில் பில் போட்டு, மாதம் முடிந்ததும் வித்தியாசத்தைக் கிரெடிட் நோட்டாக (போட்ட பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) கொடுப்பதுதான் குழப்பமில்லாத வழி.

ஒரே வரிக்கு இரண்டு தள்ளுபடி பொருந்தினால் என்ன என்பதையும் எழுதி வையுங்கள். 10%-உம் 5%-உம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போனால் 100 என்பது 85.50 ஆகும், கூட்டிக் கழித்தால் 85. நாங்கள் இரண்டில் பெரியது மட்டும் என்று வைத்தோம், போனில் விளக்கிச் சொல்வதற்கு அதுதான் சுலபம். பைசாக் கணக்கிலும் இதே கதை. மூன்று வரியில் தலா 0.335 கழிவு என்றால் வரிவாரியாக இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 1.02, மொத்தமாகக் கூட்டி முழுமையாக்கினால் 1.01. எதுவானாலும் பரவாயில்லை, எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) வைக்காமல் டெசிமலில் (துல்லியமாகச் சேமிக்கும் வகை) வைக்கச் சொல்லி புரோகிராமரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அரசுக்குக் கட்டும் வரியை (டாக்ஸ்) கழிவுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்பதை உங்கள் ஆடிட்டர் சொல்லட்டும்.

அனுப்பிவிட்ட இன்வாய்ஸை மென்பொருள் மறுபடி கணக்கிடவே கூடாது. பட்டியல் விலை, கழித்த சதவீதம், எந்த விதி என்பதெல்லாம் அந்த வரியிலேயே அன்றைக்குப் பதிந்து நின்றுவிட வேண்டும், திருத்தம் எல்லாம் கிரெடிட் நோட்டில். கையால் மாற்றும் வசதியை முழுக்க எடுத்துவிட வேண்டாம். காரணம் எழுதி, இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் போகும் என்று வையுங்கள்.

அப்புறம் நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்று: டெஸ்ட் செய்பவரின் திரையில் இந்தத் தள்ளுபடி விவரம் எதுவும் தெரியக்கூடாது. வணிக அழுத்தம் லேபின் நடுநிலையைக் கெடுக்கக் கூடாது என்று சோதனை லேப்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17025 தெளிவாகவே சொல்கிறது. யார் பெரிய வாடிக்கையாளர் என்ற நினைப்பு இல்லாமல் ஒருவர் அளவெடுக்க வேண்டும். பில்லிங் வேறு லேப் திரை வேறு என்று முதலிலேயே பிரிப்பது லேசு, பிறகு பிரிப்பது பெரும்பாடு.

மாற்றும் முன், முடிந்துபோன இரண்டு மாத இன்வாய்ஸ்களை எடுத்துப் புது விதிகளை ஓட்டி, கையால் போட்டதோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். எங்களுக்கு வித்தியாசம் வந்த இடங்களில் பாதிக்கு மேல் கணக்குத் தப்பே இல்லை, யாரோ எப்போதோ போனில் ஒப்புக்கொண்டு எழுதாமல் விட்ட தள்ளுபடிகள். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் கூப்பிட்டுக் கேட்டு, எழுத்தில் வாங்கி, அட்டவணையில் ஏற்றிய பிறகுதான் நாங்கள் எக்செல்லை நிறுத்தினோம். அந்த ஒப்பீட்டுக்கு ஆன நேரம், மென்பொருளை மாற்ற ஆனதைவிட அதிகம். அதையும் சேர்த்தே காலக்கெடு போடுங்கள்.