பட்டியலில் கீழே இருப்பவர் சாம்பியனா?

வணக்கம். ஸ்லோவாக்கியாவின் தேசியப் பனிச்சறுக்கு நடன (ஃபிகர் ஸ்கேட்டிங்) முடிவுகளைத் தொகுக்கும்போது, பட்டியலில் கீழே இருப்பவருக்குத் தங்கம் போயிருப்பதாகத் திகைத்திருக்கிறீர்கள். பிழை எதுவும் இல்லை. நீங்கள் பார்த்தது நான்கு நாடுகளின் கூட்டுப் பட்டியல்.

செக், ஸ்லோவாக்கியா, போலந்து மூன்றும் 2008-09 பருவத்திலிருந்து தேசியப் போட்டியை ஒரே அரங்கில் சேர்த்தே நடத்தின. 2013-14இல் ஹங்கேரியும் சேர்ந்துகொண்டது. எல்லாரும் ஒன்றாக ஆடி முடித்த பிறகு, அந்தப் பட்டியலிலிருந்து நாடுவாரியாகப் பெயர்களைப் பிரித்தெடுத்துப் பதக்கம் கொடுக்கிறார்கள். ஆகவே ஸ்லோவாக்கியர்களை மட்டும் வடிகட்டி 1, 2, 3 என்று புதிதாக எண் போடுங்கள். இணை ஆட்டத்தில் சில ஆண்டுகளில் ஒரே ஜோடிதான் மிஞ்சும், அதுவும் சாம்பியன்தான்! சிரிக்காதீர்கள். சின்ன நாட்டில் தனியாகப் போட்டி வைத்தால் ஆடுபவரைவிட நடுவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பக்கத்து நாட்டாரோடு மோதுவதே மேல் என்பது என் கருத்து.

இன்னொரு இடத்திலும் வழுக்கிவிடாதீர்கள்: போட்டி பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும், பட்டத்தின் பெயரில் அடுத்த ஆண்டு இருக்கும். 2009 பட்டம் 2008 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

இந்தத் தேசியப் போட்டியில் எடுத்த மதிப்பெண்ணைச் 'சொந்தச் சாதனை' (ஒருவர் எடுத்த அதிகபட்ச மதிப்பெண்) என்ற கட்டத்தில் போட வேண்டாம். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தேசியப் போட்டி மதிப்பெண்ணை அதற்கும் கணக்கில் எடுப்பதில்லை, உலகப் போட்டிக்கான குறைந்தபட்சத் தகுதிக்கும் எடுப்பதில்லை.