மந்தநிலை வருகிறதாம்: வீடு இப்போதே வாங்கவா, விலை இறங்கக் காத்திருக்கவா?

கேள்வி: எனக்கு வயது 36. சென்னை சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, கையில் வருவது மாதம் 1,10,000 ரூபாய். மனைவிக்கும் ஐ.டி.தான், 55,000 ரூபாய். ஐந்து வயதில் ஒரு மகள். மேடவாக்கத்தில் 22,000 ரூபாய் வாடகை. எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்டு எல்லாம் சேர்த்து 24 லட்சம் இருக்கிறது. வேறு கடன் இல்லை. பெரும்பாக்கத்தில் 1,050 சதுர அடி, இரண்டு படுக்கையறை, கட்டி முடித்த புது ஃப்ளாட் 82 லட்சம் சொல்கிறார்கள். “ரெசஷன் வரப்போகுது, ஐ.டி.காரங்களுக்கு வேலை போனா ஓ.எம்.ஆர். பக்கம் விலை பாதியாயிடும், அப்போ அள்ளிக்கலாம்” என்கிறார் மச்சான். “வாடகை கொடுக்கிறது தண்டம், மண்ணுல போட்ட காசு எங்கேயும் போகாது” என்கிறார் அப்பா. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். ஆனால் மச்சான் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

ஐ.டி. வேலைகள் போய்த்தான் விலை இறங்கும் என்றால், அந்த வேலைகளில் இரண்டு உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. 82 லட்சம் ஃப்ளாட் 60 லட்சத்துக்கு வரும் நேரத்தில் உங்கள் சம்பளச் சீட்டு உயிரோடு இருக்குமா? வங்கி கேட்பது கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-உம்தான். சரிந்த சந்தையில் அள்ளுகிறவர் ரொக்கம் வைத்திருப்பவர். கடன் வாங்கி வாங்க வேண்டியவர் அந்த வரிசையில் கடைசி ஆள்.

‘பாதியாயிடும்’ என்பது அமெரிக்கக் கதையைப் பார்த்துச் சொல்வது. அங்கே 2006-இல் உச்சத்தைத் தொட்ட வீட்டு விலை, 2012 தொடக்கத்துக்குள் நாடு முழுக்கச் சராசரியாக நாலில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. சில நகரங்களில் பாதிக்கும் மேல். வருமானத்தைச் சரியாகப் பார்க்காமல், முன்பணமே இல்லாமல் கொடுத்த கடன்கள் அதற்கு முக்கியக் காரணம். இங்கே ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் நம்மூரில் விலை இறங்காது என்று அர்த்தமில்லை. இறங்கும் விதம் வேறு.

சென்னையில் பில்டர் சதுர அடி விலையை வெளிப்படையாகக் குறைக்க மாட்டார். குறைத்தால் போன வருஷம் அதே கட்டடத்தில் வாங்கியவர்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். அவருக்குக் கடன் கொடுத்தவரும் அடமான மதிப்பு என்ன ஆச்சு என்று கேட்பார். எனவே விலைப் பட்டியல் அப்படியே இருக்கும். கார் பார்க்கிங் இலவசம், பதிவுச் செலவு எங்களுடையது, மாடுலர் கிச்சன் போட்டுத் தருகிறோம் என்று தள்ளுபடி பின்வாசல் வழியாக வரும். பழைய வீடு விற்பவரோ ‘வாங்கின விலைக்குக் கீழே தர மாட்டேன்’ என்று பூட்டி வைத்துவிடுவார். முதலில் குறைவது விற்பனை எண்ணிக்கை. விலை பல வருஷம் நகராமல் நிற்கும், பணவீக்கம் அதை உள்ளிருந்து அரிக்கும். 2014 வாக்கில் ஓ.எம்.ஆரில் வாங்கிய பலருக்கு 2019, 2020 வரை நடந்தது இதுதான். பணமதிப்பிழப்பு, ரெரா (பில்டர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம்), ஜி.எஸ்.டி., 2018-இல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைக் கட்டத் தவறிய சிக்கல் என்று அடி மேல் அடி விழுந்த காலம் அது. அப்போதும் யாரும் பாதி விலைக்கு அள்ளவில்லை. பேரம் பேசத் தெரிந்தவர்கள் கொஞ்சம் குறைத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் குறைவை விளம்பரத்தில் தேடாமல் வில்லங்கச் சான்றில் தேடுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்தக் கட்டடத்தின் சர்வே எண்ணுக்குக் கடைசி இரண்டு வருஷ வில்லங்கம் எடுத்தால், ஒவ்வொரு பத்திரத்துக்கும் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு தொகைகள் இருக்கும். அண்டை ஃப்ளாட் என்ன விலைக்குப் போனது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: 2023 டிசம்பருக்கு முன்பு புது ஃப்ளாட்டுகளுக்கு நிலத்தின் பிரிக்கப்படாத பங்கை மட்டும் கிரயம் செய்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுவது வழக்கம். பழைய பத்திரத்தில் 18 லட்சம் என்று இருந்தால் ஃப்ளாட்டே 18 லட்சம் என்று நினைத்துவிடாதீர்கள். மறுவிற்பனையில் கறுப்பில் கைமாறிய பணமும் இதில் தெரியாது.

அடுத்து அப்பா. வாடகை தண்டம் என்றால் வட்டியும் தண்டம்தான். 65 லட்சம் கடன், 8 சதவீதம், 20 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை 54,369 ரூபாய். முதல் வருஷம் நீங்கள் கட்டும் 6.52 லட்சத்தில் 5.15 லட்சம் வட்டிக்குப் போகும். அசலில் குறைவது 1.37 லட்சம். இதோடு மெயின்டெனன்ஸ் சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் என்றால் வருஷத்துக்கு 44,000. உங்கள் 24 லட்சம் எஃப்.டி.யில் இருந்தால் வரி போக 1.2 லட்சம் கிடைத்திருக்கும், அதுவும் போச்சு. மொத்தம் 6.8 லட்சம். வாடகையோ 2.64 லட்சம். ஆக, ஒரு வருஷம் முன்னதாக வாங்குவதற்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது சுமார் 4.15 லட்சம், அதாவது 82 லட்சத்தில் 5 சதவீதம். பெரும்பாக்கத்தில் விலை வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அப்பா சொன்னது சரி. ஏறாவிட்டால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. மந்தநிலை பற்றிய பேச்சு அடிபடும்போது அந்த 5 சதவீதத்தை நிச்சயம் என்று நான் வைக்க மாட்டேன். வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். புதிய வரி முறையில் இருந்தால், நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது.

உண்மையான சிக்கல் உங்கள் கையிருப்பில் இருக்கிறது. 82 லட்சத்துக்கு 20 சதவீத முன்பணம் 16.4 லட்சம். புது ஃப்ளாட்டின் முதல் விற்பனை, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடிக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம், 5.74 லட்சம். இதைக் கடனில் சேர்த்துத் தர மாட்டார்கள், சொந்தப் பணம்தான். கப்போர்டு, விளக்கு, மின்விசிறி, ஏ.சி. என்று 5 லட்சம். மெயின்டெனன்ஸ் முன்பணம், கார்ப்பஸ் ஃபண்டு (கட்டடத்தின் பெரிய செலவுகளுக்கான பொது நிதி), வங்கிச் செலவுகள் ஒன்றரை லட்சம். கூட்டினால் 28.6 லட்சம், உங்களிடம் 24. மீதிக்குப் பர்சனல் லோன் அல்லது நகைக்கடன் என்று போவீர்கள். சாவி கையில் வரும் நாளில் வங்கிக் கணக்கு காலி. விலைச் சரிவு காயப்படுத்துவது இந்த நிலையில் இருப்பவரைத்தான்.

ஏனென்றால் தவணை ஒழுங்காகப் போகிற வரைக்கும், வீட்டின் மதிப்பு 70 லட்சமாக இறங்கினாலும் வங்கி பொதுவாகத் திரும்பிப் பார்க்காது. டாப்-அப் கடனோ வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதோதான் சிரமமாகும், புதிய மதிப்பீடு குறைவாக வருவதால். தவணை நின்றால் கதை வேறு. 90 நாள் நிலுவையில் அது வாராக்கடன். பிறகு சர்ஃபேசி சட்டப்படி (நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ், அதன் பின் ஏலம். சரிந்த சந்தையில் ஏலம் போய்க் கடன் அடையவில்லை என்றால் மீதியும் உங்கள் தலையில்தான். அமெரிக்காவின் சில மாநிலங்களைப் போலச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவ முடியாது. 2020-இல் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு கிடைத்ததே என்று அதை நம்பாதீர்கள். அந்த மாதங்களின் வட்டி அசலோடுதான் சேர்ந்தது.

1.65 லட்சம் வருமானத்தில் 54,000 தவணை, மூன்றில் ஒரு பங்கு; வங்கி அதிகாரி சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடுவார். நீங்கள் வேறு சோதனை செய்யுங்கள்: உங்கள் வேலை போய் மனைவியின் 55,000 மட்டும் வந்தால்? தவணை போக 631 ரூபாய் மிஞ்சும். அதனால் குடும்பச் செலவும் தவணையுமாக மாதம் ஒரு லட்சம் என்று கணக்கிட்டு, ஆறு மாதத்துக்கு 6 லட்சம், வீடு வாங்கிய மறுநாளும் எஃப்.டி.யில் இருக்க வேண்டும். இருவரும் ஒரே துறை என்பதால் ஒன்பது மாதம் இருந்தால் இன்னும் நல்லது. பங்குச்சந்தை ஃபண்டை இதில் சேர்க்காதீர்கள். வேலை போகும் அதே மாதங்களில்தான் அதுவும் கீழே கிடக்கும்.

எனவே பதினெட்டு மாதம் தள்ளிப் போடுங்கள், சும்மா அல்ல. அடுத்த மாதம் முதல் வீடு வாங்கிவிட்டதாகவே நினைத்து நடங்கள். தவணையும் மெயின்டெனன்ஸும் 58,000. அதில் வாடகை 22,000 போக 36,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே ஆர்.டி.யில் போடுங்கள். 18 மாதத்தில் 6.5 லட்சம், பழைய பணத்தின் வட்டி ஒன்றே முக்கால் லட்சம். 32 லட்சம் தாண்டிவிடும். போனஸ் இதற்கு மேல். விலை நகராமல் நின்று, 82-ஐ 78 ஆகப் பேசி முடித்தால் செலவு 27.6 லட்சம், 6 லட்சம் கையிருப்பையும் சேர்த்து 33.6. கிட்டத்தட்ட எட்டிவிட்டீர்கள். அந்த 36,000 நாலாவது மாதமே இடித்தால், 65 லட்சம் கடன் உங்களுக்கு ஒத்துவராது என்பது வட்டி கட்டாமலே தெரிந்துவிடும். அப்போது 55 லட்ச ரூபாய் வீடு பாருங்கள்: கடன் 44 லட்சம், தவணை 36,800. மனைவியின் சம்பளத்தில் இழுத்துப் பிடித்தாவது கட்டலாம். (இடையில் குறைந்தது ஒரு வடகிழக்குப் பருவமழை வரும். நல்ல மழை பெய்த மறுநாள் பெரும்பாக்கம் போய் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த பகுதி அது.)

கடன் வாங்கும்போது ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) இணைந்த வங்கிக் கடனாக இருக்கட்டும். மந்தநிலையில் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைப்பதுதான் வழக்கம்: 2008 அக்டோபரில் 9 சதவீதமாக இருந்த ரெப்போ, 2009 ஏப்ரலில் 4.75. 2020 மே மாதம் 4. இணைந்திருந்தால் அந்தக் குறைப்பு உங்களுக்கு வந்து சேரும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்ளலாம். ஏறும்போதும் உடனே ஏறும் என்பது ரெப்போ இணைப்பின் மறுபக்கம். 2022 ஏப்ரலில் 6.7 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு ஒருவர் கடன் வாங்கியிருந்தால், ஒரு லட்சத்துக்குத் தவணை 757 ரூபாய். 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறியதும் அதே கடனுக்கு 9.2 சதவீதம், பாக்கிக்கு மாத வட்டியே ஏறக்குறைய முழுத் தவணையையும் விழுங்கிவிடும். அசலுக்குப் போவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை! தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால் இதுதான் நடக்கும். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா என்று வங்கி உங்களைக் கேட்க வேண்டும். தவணையைக் கூட்டச் சொல்லுங்கள். 9.5 சதவீதம் போனால் 65 லட்சத்துக்குத் தவணை 60,588. அதையும் தாங்குமா என்று இப்போதே போட்டுப் பாருங்கள்.

காத்திருக்கும்போது இன்னொரு வலை வரும்: கட்டிக்கொண்டிருக்கும் திட்டம், ‘இப்போது 20 சதவீதம், மீதி சாவி தரும்போது, அதுவரை வட்டி எங்களுடையது’. கடன் உங்கள் பெயரில் இருக்கும். பில்டருக்குப் பணம் முடை வந்து வட்டி கட்டுவதை நிறுத்தினால் கெடுவது உங்கள் சிபில் (கடன் நம்பகத்தன்மை) மதிப்பெண். மந்தநிலையில் முதலில் நிற்பது இவர்கள் வேலைதான். 5 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, கட்டி முடித்துப் பணி நிறைவுச் சான்று வாங்கிய ஃப்ளாட்டுக்கு அது இல்லை.

வாங்கும் நாள் வந்ததும் கடன் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ரெரா சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. மறுவிற்பனை வீடானால், இந்தச் சொத்துக்கு வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்பும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. ஓ.எம்.ஆர். பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்கள் விற்கும் ஃப்ளாட்டுகள் நிறைய வரும். அவர்களுக்கு இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது, பிடிக்க வேண்டிய தொகை பல மடங்கு. குறைத்துப் பிடித்தால் வீடு வாங்கியவருக்குத்தான் நோட்டீஸ் வரும், எனவே அப்படிப்பட்ட வீடு என்றால் டோக்கன் பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.