சினைச் சிங்கியைக் கடலில் விடுபவருக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: கடல்வளம் அழியாமல் தொழில் செய்ய, மீனவர்களுக்கு அரசு எத்தகைய ஊக்கம் அளிக்க வேண்டும்?

எங்கள் குடும்பம் திருநெல்வேலிக் கடற்கரை ஊரான உவரியில் வள்ளத்தொழில் (சிறு படகில் மீன்பிடிப்பது) செய்வது. ஆகவே எனக்கு நன்கு தெரிந்த சிங்கி இறாலை (லாப்ஸ்டர்) வைத்தே பதில் சொல்கிறேன்.

2003-இல் மத்திய அரசு சிங்கி ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடையை வகுத்தது. எங்கள் கரையில் மிகுதியாகப் படும் இனத்துக்கு அது 200 கிராம். ஆனால் இந்த விதி ஏற்றுமதிச் சரக்குக்கே உரியது. கரையில் தராசு வைத்திருக்கும் வியாபாரி சிறியதைத் தனிக் கூடையில் ஒதுக்கி, குறைந்த விலை போட்டு, உள்ளூர் ஓட்டல்களுக்கு அனுப்பிவிடலாம். அவரிடம் வலைக்கும் இஞ்சினுக்கும் முன்பணம் வாங்கியவர், பிடித்த அனைத்தையும் அவரிடமே போட்டாக வேண்டியிருக்கும்போது, குஞ்சைக் கடலில் விட எப்படி மனம் வரும்?

சினைச் சிங்கியின் கணக்கு இன்னும் சிக்கலானது. ஒரு தாய் லட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும் என்பது உண்மைதான். ஆனால் பொரித்த குஞ்சுகள் மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து, எங்கோ ஒரு பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) போய் அடையும். பக்கத்து ஊரான இடிந்தகரையில் விட்டதன் பலன் இடிந்தகரைக்கே வரும் என்பதற்கு உறுதியில்லை. என் பெரியப்பா இதை ஒரே வரியில் சொல்வார்: "நான் விட்டா நாளைக்கு அடுத்தவன் வலையில கெடக்கும்லா." பலன் பொதுவாகவும் இழப்பு ஒருவருக்காகவும் இருப்பதால்தான் இங்கே பொதுப்பணம் செலவழிப்பது நியாயம் என்கிறேன்.

இப்போதுள்ள உதவிகள் இந்த இடத்தைத் தொடவே இல்லை. வரி நீக்கிய டீசல், அதிகமாகக் கடலுக்குப் போகிறவருக்கே அதிகம் பயன்படுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. எங்கள் வள்ளங்களை அது கட்டுப்படுத்தாது. அக்காலத்து நிவாரணத்தை 5000 ரூபாயிலிருந்து 8000 ஆக உயர்த்தி 2023-இல் அறிவித்தார்கள். வரவேற்கிறேன், ஆனால் சினைச் சிங்கியை விட்டவருக்கும் விற்றவருக்கும் அதே தொகைதான்.

நான் கேட்பது, சினையோடு பட்ட சிங்கியைக் கரைக்கு உயிரோடு கொண்டுவந்து காட்டி, எடைபோட்டு, மீண்டும் கடலில் விடுபவருக்கு அன்றைய சந்தை விலையைத் தரும் ஏற்பாடு. குஜராத்தில், வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. அந்த வழி நமக்குப் புதிதல்ல. கணக்கை ஊர்க் கமிட்டி பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எங்கள் கரை ஊர்கள் பலவற்றில் ஊரே காத்து வருகிறது, அதற்குக் காவலர் எவரும் தேவைப்பட்டதில்லை.

வலை வாங்க மானியம் தருவதற்குப் பதிலாகக் சிங்கியை உள்ளே விழவைத்துப் பிடிக்கும் கூடுகளுக்குத் தரலாம். வலையில் மாட்டிய சிங்கி காலும் மீசையும் ஒடிந்துதான் வரும், கூட்டில் விழுந்ததை அப்படியே திருப்பி விடலாம். குஞ்சுகளை வாங்கிக் கூண்டில் வளர்க்கும் திட்டத்தை மட்டும் ஊக்குவிக்க வேண்டாம்; அது குஞ்சுக்கே ஒரு சந்தையை உண்டாக்கிவிடும்.

எந்தத் தொகையானாலும் எடைபோட்ட அன்றே கைக்கு வர வேண்டும். மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கில் வரும் பணத்தைக் காட்டி முன்பணக்காரரிடம் தவணை கேட்க முடியாது.