போல்ட் கழற்றியும் ஃபேரிங் வரவில்லையா?

நாலு போல்ட்டையும் கழற்றியும் பைக்கின் இடது பக்க ஃபேரிங் (பக்கவாட்டை மூடும் பிளாஸ்டிக் பேனல்) முன்முனையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இழுத்ததில் ஒரு லாக் (பேனலைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கொக்கி) உடைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தயவுசெய்து இனி ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்ப வேண்டாம்.

அந்த இடத்தில் பெரும்பாலும் கறுப்பு பிளாஸ்டிக் புஷ் ரிவெட் (நடுவில் ஊசி உள்ள, அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் ஆணி) ஒன்று ஒளிந்திருக்கும். சட்டைப் பட்டன் அளவுதான். சேறு அப்பியிருந்தால் கண்ணில் படாது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நடுவில் சின்ன வட்டம் தெரிந்தால், அதுதான் ஊசியின் தலை; அதை மெல்லிய ஆலன் கீ முனையால் லேசாக அழுத்துங்கள். 'டக்'கென்று கொஞ்சம் உள்ளே இறங்கியதும் நிறுத்திவிடுங்கள், பிறகு இழுத்தால் ரிவெட் முழுசாக வெளியே வந்துவிடும். அதற்கு மேல் அழுத்தினால் ஊசி உள்ளே விழுந்துவிடும். திரும்ப மாட்டும்போது ஊசியைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே துருத்த விட்டு, ரிவெட்டைச் செருகி, மட்டமாக அழுத்தினால் போதும்.

ரிவெட்டே இல்லையென்றால் ரப்பர் கிரோமெட்தான் (பேனலின் முளை செருகி நிற்கும் ரப்பர் வளையம்). அதன் பக்கத்திலேயே கை வைத்து நேராக இழுங்கள். ஓரத்தைப் பிடித்து வளைப்பதால்தான் லாக் முறிகிறது. கிரோமெட்டில் சோப்புத் தண்ணீர் ரெண்டு சொட்டு விட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேனலின் உட்புறம் 'ஏபிஎஸ்' (ABS, ஒரு வகை பிளாஸ்டிக்) என்று அச்சிட்டிருந்தால் ஏபிஎஸ் சிமென்ட் (அந்த பிளாஸ்டிக்குக்கான பசை) போட்டு ஒட்டிவிடலாம். 'பிபி' (PP, இன்னொரு வகை பிளாஸ்டிக்) என்றிருந்தால் சாதாரணப் பசை பிடிக்காது, பிளாஸ்டிக் வெல்டிங் (சூட்டில் உருக்கி ஒட்டுவது) செய்வதே நல்லது.